‘நைனா வந்த’ என்றொரு பாஸ்வேர்டு

பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் வீட்டு நெட் கனெக்‌ஷனைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. நீங்கள் செல்போனில் டீ குடித்துக்கொண்டே அந்த வேலையை முடிக்கிறீர்கள். எங்கள் காலத்தில் அதற்கு அரை நாள் ஆகும், ஒரு வேளை சாப்பாடும் கிடைக்கும். சாப்பாட்டுக்காகவே இழுத்தடித்தவர்களும் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன், அதில் ஒருவன் நான்.

நான் சொல்ல வந்தது நகரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செய்த தப்பைப் பற்றி. திருப்பதியில் எங்கள் கடையில் இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். சேரும்போது அது ஸ்டெபிலைசர் ரிப்பேர் கடை. பிறகு எல்லாரும் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்று பறந்தபோது எங்கள் முதலாளியும் போர்டை மாற்றி எழுதினார், நாங்களும் ஆளுக்கொரு ஸ்க்ரூ டிரைவரை மாற்றிக்கொண்டு என்ஜினீயர் ஆனோம். புத்தூர், நகரி, நாகலாபுரம், அந்தப் பக்கம் சித்தூர், புத்தலப்பட்டு வரைக்கும் பஸ்ஸில் போய் வருவோம். அப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருந்தான், அவன் முகத்தைப் பார்ப்பதற்காக வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். எங்கள் பிழைப்பு ஓடியதே அந்தப் பிள்ளைகளால்தான்.

முதலாளிக்குத் தெலுங்கு மட்டும்தான் வரும். சர்வீஸுக்குக் கிளம்பும் ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி ஒரே ஒரு விதியைச் சொல்லி அனுப்புவார். “கொத்ததி மாட்லாடேதாக்கா பாததானி ஜோலிகி போவொத்து.” புதியது வாய் திறந்து பேசும் வரை பழையதை நோண்டாதே என்று அர்த்தம். தினமும் கேட்டுக் கேட்டு அது எங்கள் காதில் பஸ் ஹாரன் மாதிரி ஆகிவிட்டது. ஹாரனுக்கு யார் ஒதுங்குகிறார்கள்.

நகரியில் முனிரத்தினம் என்றொருவர். நான்கு பவர்லூம் தறி சொந்தமாக வைத்திருந்தார். ஒரே மகன் டில்லிபாபு, ஆஸ்திரேலியாவில் வேலை. அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, டில்லிபாபு ஒரு லீவில் வந்தபோது நெட் கனெக்‌ஷன் எல்லாம் அவனே போட்டு வைத்துவிட்டுப் போனான். அதில் வெப்கேம் மாட்டினால் மனிதர்கள் எல்லாரும் பச்சையாகத் தெரிந்தார்கள். பச்சை முகத்தோடு பல நாள் பேசியவர்கள்தான், ஆனால் இப்போது விஷயம் வேறு. பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் பையன் வீட்டார்தான் பெண் பார்க்கப் போவார்கள். இங்கே பையன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான், அவனைக் காட்டுகிற பெட்டி நகரியில் இருக்கிறது. அதனால் வழக்கம் தலைகீழாகி, பெண்ணே தன் பெற்றோர், தாய்மாமனோடு சித்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பையனைப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. தெருவில் இதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. பெண்ணின் தாய்மாமனுக்கு இந்தச் சம்பந்தத்தில் நம்பிக்கை இல்லை. வெளிநாட்டு மாப்பிள்ளை என்று போட்டோவைக் காட்டி ஏமாற்றிய கதைகள் அப்போது ஊருக்கு இரண்டு உலவின. பேசுகிற முகத்தைப் பார்க்காமல் தட்டு மாற்ற விட மாட்டேன் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். டில்லிபாபுவுக்கு அடுத்த மாதம் பத்து நாள்தான் லீவு. இந்த ஞாயிறு பேசி முடித்தால் அந்தப் பத்து நாளில் கல்யாணம். இல்லையென்றால் அவர்கள் அடுத்த ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள்.

எனவே புதிய கம்ப்யூட்டர். சனிக்கிழமையே நான் முனிரத்தினத்துக்கு போன் செய்து, மகனிடம் நெட் பாஸ்வேர்டைக் கேட்டு எழுதி வைக்கச் சொன்னேன். என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நகரியில் இறங்கினேன். பத்து மணிக்கு டில்லிபாபு அந்தப் பக்கம் கேமரா முன்னால் உட்காருவதாக ஏற்பாடு. அவன் அறையில் துணி மலைபோலக் குவிந்து கிடக்கும் என்பதால், சோபாவும் நல்ல சுவரும் உள்ள ஒரு நண்பன் வீட்டுக்கு இரண்டு மணி நேரம் காரோட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். இங்கே முனிரத்தினம் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எல்லாம் போய், பத்து மணியிலிருந்து ஒரு மணி நேரம் தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்திருந்தார். தறி ஓடினால் மாப்பிள்ளை பேசுவது யார் காதிலும் விழாது.

வேலையைத் தொடங்கினேன். அப்போது விண்டோஸிலேயே ஒரு வசதி இருந்தது. பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் மெயில், போட்டோ, நெட் கனெக்‌ஷன் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் புதியதில் அவிழ்க்கும். கட்டினேன், அவிழ்த்தேன். எல்லாம் அச்சு அசலாக வந்துவிட்டது. அதே கனெக்‌ஷன் பெயர், அதே யூசர் நேம். அப்பாவுக்காக டில்லிபாபு ‘நைனா’ என்று ஆங்கிலத்தில் பெயர் போட்டு வைத்திருந்த போட்டோ போல்டர் கூட டெஸ்க்டாப்பில் அதே மூலையில் வந்து நின்றது.

“அல்லாம் வந்துச்சா சார்?” என்று முனிரத்தினம் கேட்டார்.

“அல்லாம் வந்துச்சு” என்று நானும் அவர் பாஷையிலேயே சொன்னேன்.

“அப்ப பழசுல இருக்கறத அழிச்சுடுங்க. பையன் எழுதுன லெட்டருல்லாம் கீது. நீங்க அத்த யாருக்கோ விக்கப் போறீங்க. யாரும் பாக்கக் கூடாது.”

பழைய கம்ப்யூட்டரை நாங்கள் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. நியாயமான கோரிக்கைதான். புதியது இன்னும் வாய் திறக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் எல்லாம் வந்துவிட்டது, பாஸ்வேர்டு எழுதியும் வைத்திருக்கிறார், இதற்கு மேல் என்ன இருக்கிறது என்ற திமிர். பழையதை பார்மட் போட்டேன். அது சுத்தமாகத் துடைத்து முடியும் வரை சரோஜம்மா, அதாவது முனிரத்தினத்தின் மனைவி, கொண்டுவந்து வைத்த போண்டாவை நிதானமாகச் சாப்பிட்டேன். “இன்னும் ரெண்டு துன்னுங்க சார்” என்றார்கள். தின்றேன்.

பிறகு மோடம் ஒயரைப் புதியதில் செருகி, கனெக்ட் பட்டனை அமுக்கினேன். பாஸ்வேர்டு இருக்க வேண்டிய கட்டம் காலி. யூசர் நேம் வரைக்கும் மூட்டை கட்டிய அந்தப் புண்ணியவான் விண்டோஸ், பாஸ்வேர்டை மட்டும் பாதுகாப்புக்காக விட்டுவிட்டு வந்திருந்தது. பார்வைக்கு ஒன்றாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல என்று அந்தக் காலிக் கட்டம் எனக்குச் சொன்னது. பரவாயில்லை, எழுதி வைத்தது இருக்கிறதே என்று முனிரத்தினத்திடம் கையை நீட்டினேன்.

அவர் காலண்டர் தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பின்பக்கம் தமிழில், நல்ல குண்டு எழுத்தில், இரண்டு சொற்கள். நைனா வந்த.

“இன்னா இது?” என்றேன்.

“அதான் பாஸ்வேர்டு. நைனா வந்த.” அவர் முகத்தில் ஒரு பெருமை. நெஞ்சைத் தடவிக்கொண்டார். “நைனான்னா நான்தான் சார்.”

“அது தெரிது. வந்தன்னா? வந்த என்ன?”

முனிரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு நேரமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் அதற்குள் ஆரம்பித்துவிட்டார். மகன் ஆஸ்திரேலியா போவதில் அவருக்கு இஷ்டமே இல்லையாம். தறியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஒரே பிள்ளை. போவதாக இருந்தால் நான் வழியனுப்பக் கூட வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஒரு மாதம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. கிளம்புகிற நாள் சரோஜம்மாவும் சொந்தக்காரர்களும் வேன் வைத்துக்கொண்டு சென்னை ஏர்போர்ட் போய்விட்டார்கள். இவர் தறியில் உட்கார்ந்திருந்தார்.

“உக்காந்துகினு கீறேன், கை ஓடல சார். நூலு அறுந்துகினே போவுது. அப்பிடியே எயிந்து, லுங்கிய மாத்திகினு, ரயிலப் புடிச்சுப் பூட்டேன். நான் போறதுக்குள்ள அவன் உள்ள பூட்டான். கண்ணாடிக்கு அந்தாண்ட அவன், இந்தாண்ட நான். திரும்பிப் பாத்தான். பாத்துட்டு, கைய இப்பிடித் தூக்கினான்.” அவர் கை பாதியில் நின்றது. “அவ்ளோதான். அத்தப் பத்தி அவனும் பேசல, நானும் பேசல. இப்ப பாரு, பாஸ்வேர்டா வச்சுகினு கீறான். நைனா வந்த நாளுன்னு வச்சிருப்பான். எடம் பத்தலன்னு நாள வுட்டுட்டான்.”

எனக்கும் ஒரு அப்பா இருந்தார், நான் திருப்பதிக்குக் கிளம்பிய நாளில் அவர் வரவில்லை.

இதைக் கேட்ட பிறகு அந்தச் சொற்களை வேறு எப்படிப் படிப்பது? ஆங்கில எழுத்தில் எப்படி எழுதியிருப்பான் என்பது ஒன்றே கேள்வி. என் ஏ ஐ என் ஏ என்று தொடங்கி, வந்தவுக்கு டில்லிக்கு வருகிற டி, கூட ஒரு எச் போட்டேன். தப்பு என்றது. அந்த டியைத் திருப்பதிக்கு வருகிற டியாக்கிப் பார்த்தேன். தப்பு. வெறும் டி. தப்பு. முதல் எழுத்தைப் பெரிதாக்கி, நடுவில் இடம் விட்டேன். அதுவும் தப்பு.

அங்கே கையை எடுத்துவிட்டேன். அந்த நெட் கம்பெனியில் ஐந்து முறை தொடர்ந்து தப்பாகப் போட்டால் அன்று முழுக்கக் கனெக்‌ஷனைப் பூட்டிவிடுவார்கள். திறக்கச் சொல்லிக் கேட்க ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆபீஸில் ஈ காக்கை இருக்காது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. டில்லிபாபுவின் செல்லுக்கு அடித்தோம். அறையில் கூட இருக்கும் பையன் எடுத்தான். அவசரத்தில் போனை அறையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டான் என்றான். நண்பன் வீட்டு நம்பர் அவனுக்குத் தெரியவில்லை.

பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்பு வரை அதற்குப் பாஸ்வேர்டு தெரியும். பட்டனை அமுக்கியிருந்தால் பச்சை முகமாக இருந்தாலும் மாப்பிள்ளையைக் காட்டியிருக்கும். இப்போது அது என் புண்ணியத்தில் ஒன்றும் தெரியாத பச்சைக் குழந்தை.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஆட்டோ நின்றது. பெண் வீட்டார் வந்துவிட்டார்கள். பெண் ஹேமலதா, சித்தூரில் ஒரு தெலுங்கு மீடியம் ஸ்கூலில் டீச்சர். குனிந்த தலையெல்லாம் இல்லை, வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த காலண்டர் தாளைப் பார்த்தாள். தாய்மாமன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சுவர் ஓரமாக உட்கார்ந்தார். வரவேற்பும் காபியும் முடிந்தன.

பத்து மணி ஆயிற்று. தெருவில் ஒவ்வொரு தறியாக நின்றது. கடைசித் தறியும் நின்றுவிட்டது. தறி ஓடாத நகரியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு தெருவே எனக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது.

பத்தேகால். தாய்மாமன் தொண்டையைக் கனைத்தார்.

“இன்னாப்பா, மாப்ள பெட்டிக்குள்ள தூங்கிகினு கீறாரா?”

“லைன் கொஞ்சம் ஸ்லோவா இருக்குங்க” என்றேன். நம் தொழிலில் எல்லாரும் சொல்லும் பொய்தான், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

“மூணு மாசமா போட்டோ. இன்னிக்கி லைனு. நாளிக்கி இன்னா, கரண்ட்டா?” பெண்ணின் அப்பாவிடம் திரும்பினார். “பத்தரைக்குப் பாப்போம் மச்சான். அதுக்குள்ள ஆளு வந்தா சரி. இல்லன்னா பதினொரு மணி பஸ்ஸு. எனுக்குப் பொண்ணு பாரம் இல்ல.”

தறிக்காரர்கள் சிலர் வாசலில் வந்து எட்டிப் பார்க்க, அவர்களிடம் இன்னும் கொஞ்ச நேரம் கேட்க முனிரத்தினம் எழுந்து வெளியே போனார். நடையில் தெம்பே இல்லை. மகனை வழியனுப்பும்போது கண்ணாடிக்கு வெளியே நின்ற மனிதர், மகன் கல்யாணத்திலும் வெளியே நிற்கப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. காரணம் நான், என் போண்டா.

“சார், அந்தத் தாள இப்பிடிக் குடுங்க” என்று ஒரு குரல். ஹேமலதா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். பெண் எழுந்து வந்ததில் அவள் அம்மாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. “டேபிள் மேல டம்ளர் வைக்கறேன்ம்மா” என்று காலி டம்ளரை வைத்துக்கொண்டே தாளைப் படித்தாள்.

“பாஸ்வேர்டா?” என்று மெல்லக் கேட்டாள்.

“ஆமாம்மா. அவங்க நைனாகிட்ட போன்ல சொன்னாராம். நாலு விதமா போட்டுட்டேன். இன்னும் ஒரே சான்ஸ்.”

அவள் உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று புரிய எனக்கு நேரமாயிற்று.

“சார், வந்தன்னா நூறு காதா?”

காதா என்றால் இல்லையா என்று அர்த்தம். தெலுங்கில் நூறுக்கு வந்த என்றும் சொல்வார்கள். இருபது வருடமாகத் திருப்பதியில் காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் வந்த, ரெண்டு வந்தலு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். எங்கள் கடையில் சென்னையிலிருந்து ஒருவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்தான், முதலாளி ‘நாகலாபுரத்துக்கு யூபிஎஸ் பம்பு’ என்று சொன்னதும் ஸ்டோர் ரூமில் பாதி நாள் யூபிஎஸ்ஸுக்கான பம்ப்பைத் தேடினான். பம்பு என்றால் தெலுங்கில் அனுப்பு. அவனை நான் நான்கு வருடம் கேலி செய்தேன். இப்போது அவன் என் எதிரே வந்து நின்று சிரிப்பது போலிருந்தது.

“நான் லெக்கல டீச்சர் சார். நாளெல்லாம் வந்த வந்தன்னுதான் கத்திகினு இருப்பேன்” என்றாள். லெக்கல டீச்சர் என்றால் கணக்கு டீச்சர். “அவரும் தெலுகு மீடியம்தான்னு சொன்னாங்க. நம்பர்லாம் தெலுகுலதான் வரும். எனக்கே வூட்ல அப்பிடித்தான்.”

இதைக் கேட்டவுடன் துள்ளிக் குதித்து டைப் அடித்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? அந்தக் காலையில் முதல் தடவையாக நான் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தேன். டெஸ்க்டாப் மூலையில் இருந்த போல்டரைப் பார்த்தேன். நைனா என்ற சொல்லை டில்லிபாபு எப்படி எழுதுவான் என்பது இரண்டு மணி நேரமாக என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. என், ஒய், என், ஏ. நான் போட்ட நான்கிலும் முன்பாதியே தப்பு. அப்படியானால் பின்பாதி சரியாக இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. முனிரத்தினம் சொன்னதும் சரியாக இருக்கலாம், இந்தப் பெண் சொல்வதும் சரியாக இருக்கலாம். அப்பாவின் கதையா, டீச்சரின் கணக்கா? போடுவதற்கு ஒன்றுதான் மிச்சம்.

பத்து இருபத்தைந்து. முனிரத்தினம் உள்ளே வந்தார். அவரை ஓரமாக அழைத்து ஒரு கேள்வி கேட்டேன். என் இருபத்து மூன்று வருட வேலையில் நான் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

“பையன் போன்ல அத்த எப்பிடிச் சொன்னான்? ஒரே மூச்சுல சொன்னானா, நிறுத்திச் சொன்னானா?”

அவர் கண்ணை மூடி யோசித்தார். “நிறுத்தித்தான் சார் சொன்னான். நைனான்னான். கொஞ்சம் நேரம் சத்தமே இல்ல. அப்பறம் வந்தன்னான்.” குரலைத் தாழ்த்தினார். “தொண்ட அடச்சிக்கிச்சு சார் அவனுக்கு.”

எழுத்தைச் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லும்போது எல்லாரும் நடுவில் ஒரு கணம் நிறுத்துவார்கள். எதிரில் இருப்பவர் எழுதி முடிக்கட்டும் என்று நிறுத்துவார்கள். ஆயிரம் பாஸ்வேர்டு போனில் கேட்டு எழுதியவன் நான், அந்த நிறுத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். இவர் அந்த நிறுத்தத்தில் மகனின் தொண்டை அடைத்ததைக் கேட்டிருக்கிறார்.

“இப்ப புரிஞ்சிடுச்சு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தோளை முன்னால் சாய்த்துக் கீபோர்டை மறைத்துக்கொண்டேன். என் ஒய் என் ஏ. பிறகு விரலை மேல் வரிசைக்குக் கொண்டுபோய் ஒன்று, சைபர், சைபர். திரையில் ஏழு புள்ளிகள். புள்ளியைப் பார்த்து யாரும் எழுத்தா எண்ணா என்று சொல்ல முடியாது, அந்த வசதியைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும். எண்டரைத் தட்டினேன்.

மோடத்தில் மூன்றாவது விளக்கு சிமிட்டியது, சிமிட்டியது, நின்று எரிந்தது.

“போட்டீங்களா?” முனிரத்தினம் என் தோளைப் பிடித்தார். “நைனா வந்த?”

“நைனா வந்ததான்” என்றேன். பொய் இல்லை, தெலுங்கில் சொன்னேன். ஹேமலதா என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்தால் முடிந்தது. கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்ள அதைவிட நல்ல சமயம் ஒரு பெண்ணுக்குக் கிடைக்காது, அதுவும் மாமியார் வீட்டில். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

டில்லிபாபு திரையில் வந்தான். நல்ல சோபா, நல்ல சுவர், முகமும் மனித நிறத்தில் இருந்தது. நம்ம ஆளுங்க நேரத்துக்கு எங்கே வரப்போகிறார்கள் என்று பத்து மணியிலிருந்து பிஸ்கட் தின்றுகொண்டு இருந்தானாம். தாய்மாமன் நாற்காலியைத் திரைக்கு ஒரு முழம் தள்ளி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இது சினிமாப் படம் போல ஓட வுட்டிருந்தா? கைய தூக்கச் சொல்லு.”

சொன்னோம். படம் அப்போதெல்லாம் நின்று நின்று வரும். ஒன்றும் அசையவில்லை. மாமன் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாக, பாதி பாதியாக, டில்லிபாபுவின் கை மேலே வந்தது. முனிரத்தினம் திரைக்கு இந்தப் பக்கம் நின்று தன் கையைத் தூக்கினார். வேறு யாரும் தூக்கவில்லை.

அடுத்த மாதம் கல்யாணம். நானும் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

கடைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பார்மட் போட்டதற்குத் திட்டினார்தான், நீங்கள் கேட்கக் கூடாத தெலுங்கில். பிறகு, “அந்தப் பெரியவரிடம் உண்மையைச் சொன்னாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு எனக்கு டீ சொன்னார்.

தம்பி தங்கைகளே, வாடிக்கையாளர் நமக்கு ஒரு விவரத்தைத் தரும்போது கூடவே ஒரு கதையையும் தருவார். கதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அது மரியாதை இல்லை. ஆனால் வேலை செய்யும்போது இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கதையை எடுத்தது எடுத்தபடி அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது நம் சொத்து அல்ல. இதை நான் அன்றைக்கு அரைகுறையாகத்தான் புரிந்துகொண்டேன். முழுசாகப் புரிந்தது நான்கு வருடம் கழித்து.

ரிடயர் ஆவதற்குச் சில மாதம் முன்பு முனிரத்தினம் கூப்பிட்டார். அந்தப் புதிய கம்ப்யூட்டரும் பழையதாகிவிட்டது, மகன் லேப்டாப் அனுப்பியிருக்கிறான், நெட்டை அதற்கு மாற்ற வேண்டும். போனேன். தறி இரண்டாகக் குறைந்திருந்தது, தலை முழுக்க நரைத்திருந்தது, போண்டா மட்டும் அப்படியே இருந்தது. இந்தத் தடவை பழையதன் பக்கமே நான் போகவில்லை. லேப்டாப்பில் கனெக்‌ஷனைப் போட்டு, தோளைச் சாய்த்து மறைத்துக்கொண்டு, நைனாவும் நூறும் அடித்தேன்.

தப்பு என்றது.

இன்னொரு தடவை நிதானமாக அடித்தேன். தப்பு. இத்தனை வருடம் கழித்து குட்டு உடைந்துவிட்டது, இவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“இன்னா சார், வயசாயிடுச்சா?” முனிரத்தினம் நாற்காலியில் சாய்ந்தபடி டீயை ஊதிக்கொண்டிருந்தார். “நைனா வந்த. நான்தான் அன்னிக்கே சொன்னேனே. கல்யாணம் ஆன புதுசுல மருமவ ஒரு தரம் இத்த ஒக்காந்து சரி பண்ணிட்டுப் போச்சு. இன்னாம்மா, மாத்திட்டியான்னு கேட்டேன். இல்ல மாமா, நீங்க சொன்னதேதான்னுச்சு. ஸ்பெல்லிங்கு எழுதி வச்சிட்டுப் போயிருக்குது, பாருங்க.”

சுவரில் ஆணியில் மாட்டியிருந்த காலண்டர் தாளை எடுத்துக் கொடுத்தார். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, நேர்கோட்டில் இருந்தது. என் ஒய் என் ஏ. வி ஏ என் டி எச் ஏ. அடித்தேன். விளக்கு நின்று எரிந்தது.

எழுதியது கணக்கு டீச்சர். அதில் ஓர் எண் கூட இல்லை.